ஓடும் டாங்கிக்கு ஒரு பித்தளை வளையம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதுமையானது. வானொலி அலையால் இயங்கும் ஒரு சிறு டாங்கிக்கு, மெல்லிய உலோகத்தில் நுண்ணிய உறுப்புகளைச் செய்து பொருத்துவது எப்படி என்பதே அது. "இது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு ஆயிற்றே! பால்மரம் சீவியும் செம்பனை அறுத்தும் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பேச்சின் முடிவில் அதற்குப் பதில் சொல்ல முயல்கிறோம். அதுவரை சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இத்தகைய மாதிரிகளைக் கட்டி வந்தோம். எங்களில் ஒருவர் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். அவருடைய பாட்டி, சிறுமியாக இருந்தபோது பேராக் மாநிலத்தில் சிலிம் ரிவருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் குடியிருந்தவர். நாங்கள் பாதி கட்டி வைத்திருந்த டாங்கியை நண்பர் ஒரு நாள் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினார். பாட்டி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அது இல்லடா தம்பி. அதுக்குத் தலையிலே சும்மாடு வச்ச மாதிரி ஒரு கம்பி சுத்தி இருந்துச்சு" என்றாராம்.

அந்தக் கம்பிதான் இன்றைய பேச்சின் நடுப்பொருள்.

பாட்டி சொன்னது சரியே. 1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், பொழுது விடியுமுன், ஜப்பானிய டாங்கிப் படை ஒன்று ட்ரோலாக், சிலிம் ரிவர் வழியாகச் செல்லும் பெருஞ்சாலையில் புகுந்து, 11ஆவது இந்தியப் படைப்பிரிவின் காவலை உடைத்துக்கொண்டு முன்னேறியது. சாலையின் இரு மருங்கிலும் ரப்பர் தோட்டங்கள். அவர்களை எதிர்த்து நின்ற படையிடம் அப்போது டாங்கியே கிடையாது. அதற்கு நான்காம் நாள், ஜனவரி 11ஆம் தேதி, கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று.

அந்தப் படையில் முக்கியமாக இருந்தது "97ஆம் வகை" நடுத்தர டாங்கி. ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்கில் 2597ஆம் ஆண்டில், அதாவது நம் கணக்கில் 1937இல் உருவானதால் அதற்கு அந்தப் பெயர். நீளம் ஏறத்தாழ 5.5 மீட்டர், அகலம் 2.33 மீட்டர், எடை ஏறக்குறைய 15 டன். பீரங்கி பொருத்திய சுழலும் மேல்கூண்டு ஒன்று அதன் உச்சியில் உண்டு. பல வண்டிகளில் அந்தக் கூண்டைச் சுற்றிக் குதிரை லாடம் போல ஒரு கம்பி வளையம் ஓடும். பார்ப்பதற்குக் கைப்பிடி போலத் தோன்றினாலும் அது கைப்பிடி அன்று. வண்டிக்குள் இருந்த வானொலிக் கருவியின் ஏரியல் அது. கட்டளையை வாங்கவும் செய்தியை அனுப்பவும் பயன்பட்டது. நாங்கள் கட்டிய மாதிரியில் அந்த வளையம் இல்லை. ஆகவே பாட்டியின் கண்ணுக்கு அது வேறு ஏதோ ஒரு வண்டியாகத் தெரிந்தது.

இப்போது மாதிரிக்கு வருவோம். நாங்கள் கட்டியது பதினாறில் ஒரு பங்கு அளவு. உண்மையான வண்டியின் 16 செண்டிமீட்டர், மாதிரியில் 1 செண்டிமீட்டர். இந்தக் கணக்கில் 5.5 மீட்டர் நீளமுள்ள டாங்கி, 34 செண்டிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் அடங்கிவிடுகிறது. உள்ளே ஒரு மின்கலம், இடப்பக்கச் சங்கிலிக்கு ஒரு மோட்டார், வலப்பக்கச் சங்கிலிக்கு ஒரு மோட்டார், அலையை வாங்கும் சிறு கருவி ஆகியவை இருக்கும். நம் கையில் உள்ள பெட்டியின் குச்சியைத் தள்ளினால் கட்டளை அலையாகப் போய்ச் சேரும். இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடினால் வண்டி நேரே போகும். ஒன்று மெதுவாக ஓடினால் அந்தப் பக்கம் திரும்பும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

இத்தகைய மாதிரிகளின் உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதில்தான் ஒரு சங்கடம் இருக்கிறது. உண்மையான டாங்கியின் கவசம் தடிமனாக இருந்தாலும், சங்கிலிக்கு மேலே உள்ள சேறுகாப்புத் தகடு வெறும் சில மில்லிமீட்டர் தடிமன் உள்ளதுதான். 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு பதினாறால் வகுத்துப் பாருங்கள்; 0.19 மில்லிமீட்டர் வருகிறது. அவ்வளவு மெல்லியதாகப் பிளாஸ்டிக்கை வார்த்தால் கை பட்ட இடத்தில் ஒடிந்து போகும். எனவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக வார்க்கிறார்கள். 1.25 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அது உண்மையான வண்டியில் 20 மில்லிமீட்டர் தகட்டுக்குச் சமம். தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பலகை இருந்தால் எப்படி இருக்கும்? அதனால்தான் எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும் பொம்மை பொம்மையாகவே தெரிகிறது. மெல்லிய பொருளை மெல்லியதாகவே காட்ட உலோகம் வேண்டும்.

பால்மரம் சீவும் தாய்மார்களுக்கு இந்த மென்மை புதிதல்ல. ஒரு சீவலுக்குப் பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே எடுக்கிறீர்கள். கத்தி சற்று ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் வராது. அந்தக் கைக்கு இந்த வேலை நிச்சயம் வரும்.

மெல்லிய உலோக உறுப்புகளை இரண்டு வழிகளில் பெறலாம். ஒன்று, கடையில் விற்கும் அரித்தெடுத்த பித்தளைத் தகடு. புகைப்படம் எடுக்கும் முறையைப் போன்ற ஒரு முறையில் அது தயாராகிறது. பித்தளைத் தகட்டின் இரு பக்கமும் ஒளிபட்டால் இறுகும் ஒரு பூச்சைப் பூசுகிறார்கள். உறுப்பின் வரைபடத்தை மேலே வைத்து ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்ட இடம் இறுகிக்கொள்ளும். படாத இடத்தின் பூச்சைக் கழுவிவிடுவார்கள். பிறகு ஃபெரிக் குளோரைடு என்னும் அரிக்கும் நீர்மத்தைத் தெளித்தால், பூச்சு இல்லாத இடத்துப் பித்தளை கரைந்துவிடும்; பூச்சு உள்ள இடம் உறுப்பாக நிற்கும். ஒரு பக்கத்தில் மட்டும் அரிக்க விட்டால் தகடு பாதி தடிமனாகும். அந்தக் கோட்டில் மடித்தால் நேராக மடியும். தாளை மடிக்குமுன் நகத்தால் கீறிக்கொள்கிறோம் அல்லவா, அதைப் போன்றது. ஒன்றை மறக்காதீர்கள்: மடிக்கும்போது பள்ளமான கோடு பொதுவாக உட்பக்கம் இருக்க வேண்டும்.

இந்த அரிக்கும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்த நீர்மம் கண்ணுக்குக் கேடு; துணியில் பட்டால் கறை போகாது; கரைந்த தாமிரத்தோடு அதைச் சாக்கடையில் ஊற்றினால் ஆற்று மீனுக்கு நஞ்சாகும்.

இரண்டாவது வழி நமக்கு ஏற்றது. அதற்கு வேண்டிய பொருள் சமையலறையிலேயே கிடைக்கும். கெட்டிப்பால் டின்னைக் கழுவி, அடியையும் வாயையும் நீக்கி, பக்கத்தை வெட்டி விரித்துப் பாருங்கள். அந்தத் தகரத்தின் தடிமன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான். நாம் மேலே போட்ட கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது! சேறுகாப்புத் தகடு, கருவிப் பெட்டி, கருவிகளைக் கட்டும் பட்டை எல்லாவற்றுக்கும் இதுவே போதும். வெட்டிய விளிம்பு கத்தி போல இருக்கும். எனவே கையுறை போட்டுக்கொண்டு பெரியவர்களே விரித்துத் தர வேண்டும். விளிம்பை அரத்தால் ராவிய பிறகே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். வீட்டு மின்கம்பியின் துண்டு கிடைத்தால், அதன் உள்ளே இருக்கும் தாமிரக் கம்பி சிறு கைப்பிடிகளுக்கு உதவும். புகைக்குழாயின் மேல் உள்ள வலைமூடிக்குப் பழைய தேநீர் வடிகட்டி ஏற்றதே. ஆனால் அது துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் சாதாரண ஈயப்பற்று அதில் பிடிக்காது. சுற்றிலும் ஒரு தகரப் பட்டையை மடித்துக் கவ்வவிட வேண்டும்.

தகட்டில் ஆணித் தலைகளும் வேண்டும். அந்தக் காலத்து டாங்கி ஆணி அடித்து இணைத்த வண்டி. உண்மையில் ஒரு செண்டிமீட்டர் அளவுள்ள ஆணித் தலை மாதிரியில் 0.6 மில்லிமீட்டர் வரும். தகட்டைக் கவிழ்த்து, கெட்டி ரப்பர் மீது வைத்து, முனை மழுங்கிய ஊசியால் கோடு பிடித்துச் சீராக அழுத்துங்கள். மறுபக்கம் முத்து முத்தாக எழும்பும். நகைப் பட்டறையில் பூவேலை எழுப்புவதும் இந்த முறையில்தான்.

இனி வளையத்துக்கு வருவோம். நாங்கள் 2 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை எடுத்துக்கொண்டோம். முதல் கம்பி வளைக்கும்போதே ஒடிந்தது. கம்பியாக இழுக்கும்போது பித்தளை இறுகிப் போகிறது; இறுகிய பித்தளை வளைய மறுக்கும். அதை நெருப்பில் காட்டி மங்கலான சிவப்பு ஏறும்வரை சுட்டு, தானாக ஆறவிட்டால் இளகிவிடும். பிறகு வேண்டிய அளவைவிடச் சற்றுச் சிறிய உருளையில் சுற்ற வேண்டும். கையை எடுத்ததும் கம்பி கொஞ்சம் விரிந்து, சரியான அளவுக்கு வந்து நிற்கும்.

வளையம் வந்துவிட்டது. அதைத் தாங்கும் சிறு கால்களைப் பற்றவைக்க வேண்டும். அங்கேதான் நாங்கள் பட்டபாடு. மின்சூட்டுக்கோலில் ஈயத்தை உருக்கி இணைப்பின் மீது சொட்டினோம். ஈயம் புட்டுப் போல உருண்டு நின்றது. தொட்டதும் கழன்று விழுந்தது. ஒரு காலை ஒட்டினால் பக்கத்துக் கால் விழுந்தது.

இறுதியில் அந்த வளையத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனோம். தெங்கு கிளானா சாலையில் வரிசையாக நகைக்கடைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த வட்டாரத்தில் பட்டறை வைத்திருந்த வயதான ஆசாரி ஒருவரிடம், "ஆசாரி ஐயா, இது ஏன் ஒட்டமாட்டேன் என்கிறது?" என்று கேட்டோம். அவர் வளையத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, நீங்க ஈயத்தைக் காய்ச்சுறீங்க. பித்தளையைக் காய்ச்சுங்க. ஈயம் தானா ஓடி வரும்" என்றார்.

ஒரே வாக்கியம்தான். ஆனால் பற்றவைக்கும் கலை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. உருகிய ஈயம் சூடு இருக்கும் இடத்தை நோக்கி ஓடும். இரண்டு உலோகமும் நெருங்கி, சுத்தமாக, சூடாக இருந்தால் நடுவே உள்ள இடுக்கில் அதுவே புகுந்து பரவிவிடும். உலோகம் குளிர்ந்திருந்தால் மேலே உருண்டு நிற்கும்.

சுத்தம் என்றோமே, அதற்கும் ஒரு முறை உண்டு. நம் பாட்டிமார் காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் துணியால் தேய்ப்பார்கள். வெள்ளிபோலப் பளபளவென்று பரவும். நவச்சாரம் ஏன்? சூடான பித்தளையின் மேல் காற்றுப்பட்டு ஏறும் மாசை அது நீக்குகிறது. மாசு இருந்தால் ஈயம் ஒட்டாது. பொன் வேலையில் அதே பணியை வெங்காரம் செய்கிறது. நம் வேலைக்கு மின்பொருள் கடையில் விற்கும் பற்றுப்பசை போதும். வேலை முடிந்ததும் வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கழுவாமல் விட்டால் சில வாரங்களில் பித்தளையில் பச்சை பூக்கும்.

ஈயம் என்ற சொல்லைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் ஈயச் சுரங்கம் என்கிறோமே, அது வெள்ளீயம். 1857இல் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பி அம்பாங்கில் தேடச் சொன்னது இந்த வெள்ளீயத்தைத்தான். கோலாலம்பூர் நகரம் வளர்ந்ததே அதனால்தான். பால் டின்னின் மேல் மெல்லியதாகப் பூசியிருப்பதும் அதுவே. அதனால்தான் அந்தத் தகரம் பற்றுக்கு எளிதில் இணங்குகிறது. டின்னின் உட்புறத்தில் அரக்குப் பூச்சு இருந்தால் அதை மட்டும் சுரண்டிவிட வேண்டும். காரீயம் வேறு, அது உடலுக்கு நஞ்சு. பழைய வகைப் பற்றுக் கம்பியில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் இருக்கும். 183 பாகை செல்சியஸில் உருகும். காரீயம் கலக்காத கம்பியும் கிடைக்கிறது. அது உருக 217 பாகைக்கு மேல் சூடு வேண்டும். வேலை சற்றுக் கடினமானாலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காரீயம் இல்லாததையே வாங்குங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். புகையை நேராக முகர வேண்டாம். சாப்பிடும் மேசையில் இந்த வேலை கூடாது. முடிந்ததும் கையைக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. சூட்டுக்கோல் சூடாக இருக்கும்வரை ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு காலை ஒட்டும்போது மற்றொன்று விழுவதற்கும் ஆசாரி வழி சொன்னார். ஒட்டி முடித்த காலின் மேல் ஈரப் பஞ்சைச் சுற்றிவிட்டால் சூடு அங்கே போகாது. நகை வேலையில் முதலில் அதிக சூட்டில் உருகும் பற்றையும், பிறகு குறைந்த சூட்டில் உருகும் பற்றையும் பயன்படுத்துவார்கள் என்றும் விளக்கினார். பலகையில் சிறு ஆணிகளை அடித்து வளையத்தை அசையாமல் நிறுத்திக்கொண்டு மறுபடி முயன்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் எல்லாக் கால்களும் உறுதியாக நின்றன.

நேயர்களே, வேலை இத்துடன் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். முடியவில்லை. கண்ணாடிப் பேழையில் நிற்கும் மாதிரிக்கு அழகு மட்டும் போதும். ஓடும் மாதிரிக்கு அது போதாது. அதில் பொருத்தும் ஒவ்வொரு துண்டும் வண்டியோடு சேர்ந்து குலுங்க வேண்டும், மோத வேண்டும், வெயிலிலும் தூசியிலும் நிற்க வேண்டும். வளையத்தைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டி, செம்மண் சாலையில் ஓட்டினோம். பத்து நிமிடத்தில் வளையம் தனியே கிடந்தது. அந்தப் பசை வேகமாக ஒட்டும். ஆனால் கண்ணாடி போல இறுகிவிடுவதால் தொடர்ந்து குலுங்கினால் விண்டுபோகும். பிறகு கூண்டில் துளை போட்டு, கால்களை உள்ளே நுழைத்து, உட்புறத்தில் மடித்துவிட்டு, இரு கலவைப் பசையால் நிரப்பினோம். இன்றுவரை அது அசையவில்லை.

பிளாஸ்டிக்கின் மேல் வைத்துச் சூட்டுக்கோலைத் தொட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். உலோக வேலை முழுவதையும் வெளியே முடித்த பிறகே வண்டியில் பொருத்த வேண்டும்.

சேறுகாப்புத் தகட்டிலும் ஒரு பாடம் படித்தோம். வண்டி நிற்கும்போது சங்கிலிக்கும் தகட்டுக்கும் இடையே இடைவெளி இருந்தது. ஒரு கல்லின் மேல் ஏறியதும் சக்கரம் மேலே எழும்பி, சங்கிலியின் பல் தகட்டின் விளிம்பைப் பற்றிக் கிழித்துவிட்டது. இரண்டு வார வேலை ஒரு நொடியில் போயிற்று. எனவே தகட்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் முழுவதும் மேலே தள்ளிப் பிடியுங்கள். அந்த நிலையிலும் சங்கிலிக்கு மேலே ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். கூண்டை முழுச் சுற்றும் சுற்றிப் பாருங்கள். பீரங்கியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மின்கலத்தை மாற்றும் மூடி திறக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சூடாகும், அதன் காற்றுவழியை அழகான தகடு போட்டு அடைத்துவிடாதீர்கள். ஒரு துண்டைப் பொருத்தினால் உடனே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பத்துத் துண்டுகளைப் பொருத்திவிட்டு ஓட்டினால் எது தடுக்கிறது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

மற்றொன்று, வானொலி அலை. உலோகம் அலையை மறைக்கும். இப்போதைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. உள்ளே இருக்கும் கருவியின் ஏரியல் முனை 3 செண்டிமீட்டர் அளவுள்ள மெல்லிய கம்பிதான். அதைத் தகர மூடிக்குள் அடைத்துவிட்டால் வண்டி சற்று தூரம் போனதும் கட்டளையைக் கேட்காது. பிளாஸ்டிக் மட்டும் இருக்கும் ஒரு மூலையில், உலோகத்திலிருந்து விலக்கி அதை நிறுத்துங்கள். "கூண்டைச் சுற்றி அழகான ஏரியல் வளையம் இருக்கிறதே, அதிலேயே இணைத்துவிட்டால் என்ன?" என்று எங்களுக்கும் ஆசை வந்தது. அது ஆகாது. ஏரியலின் நீளம் அலையின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். அந்த வளையம் இந்த அலைக்குப் பொருந்தாது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கருவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு உலோகத் துண்டுகள் தளர்வாக ஒன்றோடொன்று உரசினால் அதிலிருந்து இரைச்சல் எழுந்து கட்டளையைக் குழப்பும். ஒன்று, நன்றாகப் பற்றவையுங்கள். அல்லது, தொடாமல் பிரித்து வையுங்கள்.

கடைசியாக வண்ணம். வழவழப்பான பித்தளையில் வண்ணம் நிற்காது. நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, புளிக்காடி தோய்த்த துணியால் துடைத்து, நீரில் அலசி உலர்த்துங்கள். அதன் பின் வெறுங்கையால் தொடக் கூடாது. கை வியர்வை பட்ட இடத்தில் பூச்சு உரியும். உலோகத்துக்கான அடிப்பூச்சை மெல்லியதாக அடித்த பிறகே வண்ணம் பூச வேண்டும்.

எல்லாம் முடிந்து ஒரு ஞாயிறு காலை, வண்டியைப் பாட்டியிடம் கொண்டுபோனோம். பாட்டி வளையத்தை விரலால் தொட்டு, "ஆமா, இதுதான்" என்றார். எங்களுக்குப் பெருமை பொங்கியது. நண்பர் குச்சியைத் தள்ளினார். சிமெண்டுத் தரையில் சங்கிலி கடகடவென்று ஓடியது. பாட்டியின் முகம் மாறியது. "நிறுத்துடா தம்பி. சத்தம் வேணாம்" என்றார். நிறுத்திவிட்டோம்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாட்டி தம் அண்ணனைப் பற்றிச் சொன்னார். டாங்கி போன மறு ஆண்டு, ரயில் பாதை வேலைக்கென்று தோட்டத்திலிருந்து அழைத்துப் போனார்களாம், அவர் திரும்பவில்லையாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டதும், திரளானோர் அங்கேயே மாண்டதும் வரலாறு. ஆனால் அப்படி ஒரு அண்ணன் தம் குடும்பத்தில் இருந்தார் என்பது எங்கள் நண்பருக்கு அன்றுதான் தெரியும். பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார்.

"தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று தொடக்கத்தில் கேட்டோம். வானொலிக் கருவியோடு கூடிய வண்டிக்குப் பணம் வேண்டும், உண்மைதான். நாலைந்து குடும்பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால், ஒரு பால் டின், ஒரு முழம் கம்பி, ஒரு சூட்டுக்கோல் இவற்றோடு ஒரு சிறு பெட்டியையோ வளையத்தையோ செய்து பழகலாம். இளக்கவும் மடிக்கவும் பற்றவைக்கவும் கற்ற கை, நாளை வானொலியைப் பழுதுபார்க்கும். தொழிற்கல்லூரிப் பட்டறையில் தயங்காமல் நிற்கும். நகைப் பட்டறையிலும் மதிக்கப்படும்.

எதைச் செய்தாலும் அது எதன் மாதிரி என்று வீட்டில் உள்ள மூத்தவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புத்தகத்தில் உள்ள படத்தில் அளவு இருக்கும். தலையில் சும்மாடு போல ஒரு கம்பி இருந்தது என்று சொல்ல, அதைச் சாலையோரம் நின்று பார்த்த ஒருவர் வேண்டும். அத்தகையவர்கள் இப்போது மிகச் சிலரே நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கம்பியை வளைக்கலாம்.